குழந்தை தூங்கினால்தான் கோலாகலம்!

பிள்ளையையோ பெண்ணையோ பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோருக்கும் சரி, இங்கேயே குடித்தனம் செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கும் சரி, "ஒரு தடவை குழந்தைகளை டிஸ்னி வேர்ல்டுக்கு அழைச்சுட்டுப் போயிடணும்" என்ற ஆசை மனசில் ஒரு மூலையில் இருந்துகொண்டே இருக்கும். போவதென்று முடிவாகிவிட்டால் வீட்டில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். எந்த ராட்டினம், எந்த ஊர்வலம், எந்த இளவரசியோடு நின்று படம் எடுத்துக்கொள்வது என்று பட்டியல் நீளும். "எங்கே தங்கப் போறீங்க?" என்று கேட்டால் மட்டும், "ராத்திரி போய்ப் படுக்கத்தானே, எதுவா இருந்தா என்ன?" என்று பதில் வரும்.

கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போனால் அந்தப் பதில் சரிதான். கைக்குழந்தையும், ஐந்து வயதுக் குழந்தையும், முழங்கால் வலியோடு மாமியாரும் உடன் வருகிறார்கள் என்றால் சரிப்படாது. டிக்கெட்டுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது தங்குமிடம். அதிலும், அமைதியாக, கொஞ்சம் ஒதுங்கினாற்போல் இருக்கும் தங்குமிடம். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

ஒதுங்கிக்கொள்ள ஒரு நிழல்

நாங்கள் இருப்பது ஜார்ஜியா மாநிலத்தில். டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ பக்கத்துக்குக் காரில் ஏறக்குறைய ஏழு மணி நேரப் பிரயாணம். கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்த சமயம் அது. அத்தைக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மாமாவுக்குச் சர்க்கரை, வேளாவேளைக்குச் சாப்பாடு ஆகவேண்டும். சின்னவனுக்குப் பத்து மாதம். பகல் தூக்கம் ஒன்று தவறிவிட்டால் இரவெல்லாம் சிணுங்கல்தான்.

பெரியவள் விஷயம்தான் எங்களுக்குக் கவலை. வயது ஐந்து. அவளுக்குச் சத்தம் ஆகாது. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். ஊரில் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது அழுத அழுகையில் மூச்சே நின்றுவிடுமோ என்று பயந்துவிட்டோம். டிஸ்னி என்றால் வாண வேடிக்கை, பாட்டு, கூட்டம். இவளை அங்கே அழைத்துப் போகலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் விவாதம் நடந்தது.

"அங்கே போய் பயந்துட்டாள்னா, அப்புறம் ஜன்மத்துக்கும் கூட்டம்னாலே நடுங்குவா" என்றார் என் கணவர்.

அத்தைதான் யோசித்துச் சொன்னார்: "பயந்தா ஒதுங்கிக்க ஒரு நிழல் இருக்கணும், அவ்வளவுதான்ப்பா. திருவிழாவுக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போறவா யாரும் தேர்க்காலடியிலேயேவா நிக்கறா? தெரிஞ்சவா வீட்டுத் திண்ணை ஒண்ணைப் பார்த்து வச்சுக்கல்லையா?"

டிஸ்னி வேர்ல்டில் அந்தத் திண்ணையைத் தேடுவது என் பொறுப்பாயிற்று.

ஊர் அளவு பூங்கா

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். டிஸ்னி வேர்ல்ட் என்பது ஒரு பூங்கா அல்ல. சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1971 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். அன்றைக்கு மேஜிக் கிங்டம் ஒன்றுதான். பிறகு 1982-ல் எப்காட், 1989-ல் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-ல் அனிமல் கிங்டம் என்று நாலு பெரிய பூங்காக்கள் ஆயின. தண்ணீர் விளையாட்டுக்கென்று இரண்டு பூங்காக்கள் தனி. நடுநடுவே காடு, ஏரி, கால்வாய். இவற்றுக்கிடையே டிஸ்னியே நடத்தும் விடுதிகள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன.

ஆகவே "டிஸ்னிக்கு உள்ளேயே ரூம் எடுத்திருக்கோம்" என்று சொல்வதில் பெரிதாக அர்த்தமில்லை. உள்ளேயே இருந்தாலும் ஒரு பூங்காவுக்குப் பத்து நிமிடம், இன்னொன்றுக்கு முக்கால் மணி ஆகலாம். அதிலும் மேஜிக் கிங்டத்துக்குச் சொந்தக் காரில் போனால் வாசல் வரை போக முடியாது. ஏரிக்கு இக்கரையில் காரை நிறுத்திவிட்டு, மோனோரயிலிலோ படகிலோ அக்கரைக்குப் போக வேண்டும். மடித்த தள்ளுவண்டி ஒரு கை, குழந்தை ஒரு கை, டயபர் பை தோளில் என்று இதைச் செய்வது லேசல்ல. விடுதியிலிருந்து வரும் பஸ்ஸோ படகோ என்றால் பூங்கா வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடும்.

இதனால், மைல் கணக்கு கேட்காதீர்கள். "பூங்கா வாசலிலிருந்து படுக்கை வரை எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, நடப்பது, லிப்டுக்கு நிற்பது எல்லாம் சேர்த்துத்தான். முக்கால் மணிக்குள் குழந்தையைப் படுக்கையில் போட முடிந்தால் அந்த இடம் தேவலை.

மத்தியானம் இரண்டு மணிக் கணக்கு

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் என்று நினைக்கலாம். அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு நாலு மாதம் முதல் ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம், ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி, மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி தூக்கம் வேண்டும் என்கிறது அது. காலை எட்டுக்குப் பூங்காவில் நுழைந்து இரவு பத்துக்கு வாண வேடிக்கை பார்த்துத் திரும்பினால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்?

அப்புறம் வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்லாண்டோவில் பிற்பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும். புழுக்கமோ நம் சென்னையைப் போலத்தான். சாயங்காலத்துக்குள் இடி மழையும் அடிக்கடி வரும். மின்னல் கிட்டே வந்தால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஆக, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை பூங்காவில் வரிசைகளும் நீளம், வெயிலும் கொடுமை. பூங்காவின் பாதைகளில் அந்த நேரத்தில் அழாத குழந்தையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாவம், அது அடம் இல்லை; அசதி.

நாங்கள் போட்ட திட்டம் எளிது. டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்களைப் பூங்காக்களுக்குள் அரை மணி முன்னதாகவே விடுகிறார்கள். அந்தச் சலுகையைப் பயன்படுத்திக் காலையிலேயே போய்விடுவது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவது. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்தபின் இஷ்டமிருந்தால் மறுபடி போவது. அப்படியானால் தங்குமிடம் பகலில் அமைதியாக இருக்க வேண்டும். விடுதியைப் பற்றி விசாரிக்கிறவர்கள் ராத்திரி அமைதியா என்றுதான் கேட்பார்கள். பகல் இரண்டு மணிக்கு எப்படி என்று கேட்பதில்லை. அந்த நேரத்தில்தான் நீச்சல் குளத்தில் பாட்டும் போட்டியும் நடக்கும்!

சத்தம் எங்கிருந்து வருகிறது?

அதிக வாடகை கொடுத்தால் அமைதி கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெரிய விடுதிகளில் பூங்காவைப் பார்த்தாற்போல் இருக்கும் அறைக்கு வாடகை அதிகம். இரவு வாண வேடிக்கைச் சத்தமும் அங்கேதான் அதிகம். குளத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பக்கத்து அறை என்று கூடுதலாக வாங்குவார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது உதவும். தூங்குகிற குழந்தைக்கு உதவாது. தள்ளியிருக்கும் அறைக்கு வாடகையும் குறைவு, சத்தமும் குறைவு.

ஆர்லாண்டோ போகும் வழியில் ஓர் இரவு நாங்கள் தங்கிய சாதாரண விடுதி ஒன்றைச் சொல்கிறேன். படுக்கை சுத்தம், ஏ.ஸி. நன்றாக வேலை செய்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ் கட்டி இயந்திரம். யாராவது வாளியை நீட்டும்போதெல்லாம் 'கடகட'வென்று கொட்டும். பதினொரு மணிக்குமேல் பெரியவள் காதைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் துணையாக நாங்களும் உட்கார்ந்திருந்தோம். வரவேற்பில் போய்ச் சொன்னால், வேறு அறை காலியில்லை என்றார்கள்.

அதனால் அறை பதிவு செய்யும்போதே இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

லிப்டும் ஐஸ் இயந்திரமும் அறையிலிருந்து எவ்வளவு தூரம்? முழங்கால் வலிக்காரருக்கு லிப்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தள்ளியிருக்க வேண்டும். நாலைந்து அறை தள்ளிக் கேட்டால் இருவருக்கும் பொருந்தும்.

அடுத்த அறைக்குப் போகும் உள்கதவு இருக்கிறதா? இரண்டு அறை சேர்த்து எடுக்கும் குடும்பங்களுக்காக வைப்பது அது. அந்தக் கதவு வழியாகப் பேச்சு அப்படியே கேட்கும். கதவில்லாத அறை வேண்டும் என்று சொல்லுங்கள்.

தலைக்குமேல் இன்னொரு மாடி உண்டா? மேல்மாடியில் ஒரு குழந்தை குதித்தால் கீழே உங்கள் குழந்தை எழுந்துவிடும். லிப்ட் இருந்தால் கடைசி மாடியே நல்லது. இல்லையென்றால் படியா, சத்தமா, எது முக்கியம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தத் தேதிகளில் பள்ளி விளையாட்டுக் குழுக்கள் தங்குகின்றனவா? வாடகை குறைந்த பெரிய விடுதிகளில் அப்படிப்பட்ட குழுக்கள் நூற்றுக்கணக்கில் வருவதுண்டு. பிள்ளைகள் சந்தோஷத்தில் கத்தத்தான் செய்வார்கள். தேதியையோ இடத்தையோ மாற்றிக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? வேலை பகலில்தான் நடக்கும். குழந்தையும் பகலில்தான் தூங்கும்.

இவையெல்லாம் நம் வேண்டுகோள்கள்தான். கட்டாயம் தருகிறோம் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. இருந்தாலும் கேட்டு வைத்தவர்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்டால் எதுவும் நடக்காது. உங்களுக்கு மிக அவசியமான இரண்டை மட்டும் சொல்லுங்கள்.

ஒதுக்குப்புறமான சில இடங்கள்

நான் அலசிப் பார்த்தவற்றில் நம் குடும்பங்களுக்குத் தோதான சிலவற்றைச் சொல்கிறேன்.

ஃபோர்ட் வில்டர்னஸ்: 1971 நவம்பரில் திறந்த, பைன் மரக்காட்டுக்குள் இருக்கும் முகாம். கூடாரம் போடவும் வண்டி வீடுகளை நிறுத்தவும் இடம் உண்டு. அதோடு 'கேபின்' என்ற தனித்தனிக் குட்டி வீடுகளும் இருக்கின்றன. பழைய கேபின்களை எடுத்துவிட்டுக் கட்டிய புதியவை 2024 ஜூலையிலிருந்து புழக்கத்தில் உள்ளன. ஆறு பேர் படுக்கலாம். கதவு போட்ட படுக்கையறை ஒன்று, கூடத்தில் சுவரிலிருந்து இறக்கிக்கொள்ளும் கட்டில், சமையலறை, வெளியே உட்கார இடம். குளியலறை ஒன்றுதான் என்பதால் காலையில் முறை வைத்துக்கொள்ள வேண்டும். மேஜிக் கிங்டத்துக்கு ஏரி வழியாகப் படகு. முகாமுக்குள் ஓடும் பஸ்ஸில் ஏறிப் படகுத் துறைக்குப் போக வேண்டும் என்பதால் நேரம் கொஞ்சம் கூடுதல்.

அனிமல் கிங்டம் லாட்ஜ்: 2001-ல் திறந்தது. புல்வெளியைப் பார்த்தாற்போல் இருக்கும் அறை கிடைத்தால், பால்கனியில் நின்றபடியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பார்க்கலாம். பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி போடாதீர்கள், குழந்தை ஏறிவிடும். 2009-ல் சேர்த்த கிடானி வில்லேஜ் பகுதியில் 'சானா' என்ற உணவகம் இருக்கிறது. அங்கே நான் ரொட்டியும் விதவிதமான சட்னி, ஊறுகாய் வகைகளும் கிடைக்கும். நம் நாக்குக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எந்தப் பூங்காவுக்கும் பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும். கட்டடமும் நீளம், நடை அதிகம்.

ஓல்ட் கீ வெஸ்ட்: 1991-ல் திறந்தது. இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள், பெரிய பரப்பில் தள்ளித்தள்ளிப் பரவிக் கிடக்கின்றன. படுக்கையறை தனியாக உள்ள வீடுகளில் முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உண்டு. கைக்குழந்தைக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைட்: நடுத்தர வாடகை, ஆற்றோரம், நல்ல மரநிழல். இதில் அலிகேட்டர் பயூ என்ற பகுதியில் இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு லிப்ட் கிடையாது. பெரியவர்கள் வந்தால் கீழ்த்தளம் கேளுங்கள்.

சரடோகா ஸ்ப்ரிங்ஸ் மரவீடுகள்: 2009-ல் கட்டியவை, மொத்தம் 60. தூண்மேல் நிற்கும் மூன்று படுக்கையறை வீடுகள், ஒன்பது பேர் தங்கலாம். தனிமை என்றால் அப்படியொரு தனிமை. படியேற முடிந்த, இரண்டு குடும்பமாகச் சேர்ந்து செலவைப் பங்கிடுகிறவர்களுக்கு ஏற்றது.

வெளியே தனி வீடு: டிஸ்னிக்கு வெளியே கிஸிம்மி, டேவன்போர்ட் பக்கம் முழு வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நாலு படுக்கையறை, பெரிய சமையலறை எல்லாம் இருக்கும். இரண்டு குடும்பம் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகும். ஆனால் கார் இல்லாமல் முடியாது. பகல் தூக்கத்துக்கு வீட்டுக்கு வந்து மறுபடி போவதும் கஷ்டம். நாலு நாள் தங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் பூங்காவுக்குப் போகிறவர்களுக்குச் சரிப்படும்.

காட்டுக்குள் நாலு நாள்

நாங்கள் ஃபோர்ட் வில்டர்னஸ் கேபினைத் தேர்ந்தெடுத்தோம். முதல் காரணம், பொதுச் சுவர் கிடையாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நமக்கு அமைதி வேண்டும் என்பது பாதிதான். நம் குழந்தை அழுவது அடுத்தவருக்குக் கேட்காமல் இருக்க வேண்டுமே என்பது மீதிப் பாதி. கைக்குழந்தையோடு விடுதியில் தங்கிய தாய்மார்களுக்கு இது தெரியும். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை சிணுங்கினால், பக்கத்து அறைக்காரர் என்ன நினைப்பாரோ என்ற பதைப்பில் நமக்குப் பால் கொடுக்கக்கூட நிதானம் வராது. இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வித்தியாசம் வேறு. குழந்தை நடுநிசியில் எழுந்து விளையாட ஆரம்பித்துவிடும். தனிக் கேபினில் அந்தப் பதைப்பு இல்லை.

படுக்கையறையை அத்தைக்கும் மாமாவுக்கும் பெரியவளுக்கும் கொடுத்துவிட்டு, நாங்கள் கூடத்தில் படுத்தோம். சின்னவனின் தொட்டில் எங்கள் பக்கத்தில். காலை ஐந்தரைக்கே அத்தை எழுந்து காப்பி போட்டுவிடுவார். வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, ரவை, வறுத்த சேமியா, பொடி வகைகள் கொண்டுபோயிருந்தோம். பால், தயிர், காய்கறி வழியில் வாங்கியது. காலையில் உப்புமா. மத்தியானத்துக்கு வந்ததும் ரசம் சாதம் அல்லது தயிர் சாதம். மாமாவின் சர்க்கரை நாலு நாளும் கட்டுக்குள் இருந்தது. பூங்காவில் ஆறு பேர் மூன்று வேளை வாங்கிச் சாப்பிட்டால் ஆகும் செலவை நினைத்தால், சமையலறைக்காகக் கூடுதலாகக் கொடுத்த வாடகையில் ஒரு பகுதி திரும்பி வந்த மாதிரிதான்.

சமையலறை உள்ள இடத்தில் ஒரு எச்சரிக்கை. மிளகாய் வற்றலைப் போட்டுத் தாளித்தால் கூரையில் உள்ள புகை மணி அலறிவிடும்! புகை போக்கியைப் போட்டுவிட்டு, எண்ணெய் அதிகம் காயாமல் தாளியுங்கள். அல்லது தாளித்த பொடியாகவே வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுங்கள். சமையலறை இல்லாத சாதாரண அறைகளில் அடுப்பு, ரைஸ் குக்கர் வைக்கப் பல விடுதிகளில் அனுமதி கிடையாது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பூங்காவுக்குள் அத்தைக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். "எனக்கென்ன, நான் நடப்பேன்" என்று முதலில் முரண்டு பிடித்தவர், அரை மணியில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. நாலு பூங்காவிலும் பால் கொடுக்கவும் டயபர் மாற்றவும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். குழந்தையை ஏற்றாத ராட்டினங்களில் அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றி, இரண்டாம் முறை முழு வரிசையில் நிற்காமல், போய்வரும் ஏற்பாடும் உண்டு.

பெரியவளுக்குச் சத்தம் குறைக்கும் காதுக் கவசம் வாங்கியிருந்தோம். முதல் நாள் காலை ஊர்வலத்துக்கு முரசு அதிர்ந்ததுமே அவள் முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குப் போலாம்மா" என்றாள். கிளம்பிவிட்டோம். படகில் ஏறியதும் கவசத்தைக் கழற்றினாள். கேபினுக்கு வந்து சாப்பிட்டு, திரை போட்ட அறையில் பாட்டி பக்கத்தில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்தபோது வாசலில் ஒரு மான் நின்றது. "பாட்டி, இங்கேயும் டிஸ்னி வந்திருக்கு!" என்றாள்.

இரண்டாம் நாள் தானாகவே, "அந்தப் பொம்மை வண்டிக்குப் போலாம். பயமா இருந்தா நம்ம மர வீட்டுக்கு வந்துடலாம், இல்லையாப்பா?" என்று கேட்டாள். திரும்பி வர ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் குழந்தைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மூன்றாம் நாள் ராத்திரி முகாமின் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்து, தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேஜிக் கிங்டத்தின் வாண வேடிக்கையைப் பார்த்தோம். அவ்வளவு தூரத்தில் வெளிச்சம் முதலில் வரும்; சத்தம் பிறகு, மெல்லியதாய் வரும். அப்பா மடியில் உட்கார்ந்து, காதில் கவசமும் இல்லாமல், கடைசிப் பூ வாணம் வரை பார்த்தாள். எங்களுக்கு அதுதான் டிஸ்னி.

தனிமைக்கும் காவல் வேண்டும்

ஒதுக்குப்புறம் என்றால் கவனமும் இரட்டிப்பாக வேண்டும். தாய்மார்கள் இவற்றை மறக்கக் கூடாது.

தண்ணீர்: அமெரிக்காவில் ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். ஃப்ளோரிடாவில் 2000-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து புதிதாகக் கட்டும் வீட்டு நீச்சல் குளங்களுக்கு வேலி, மூடி, கதவு மணி போன்ற பாதுகாப்புகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டம். வாடகை வீட்டுக்குப் போனால் பெட்டியைப் பிரிக்குமுன் குளத்துப் பக்கக் கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள்.

ஏரிக்கரை: ஃப்ளோரிடாவின் ஏரி குளங்களில் முதலை உண்டு. 2016 ஜூனில் டிஸ்னி விடுதி ஒன்றின் ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துப் போன துயரம் நடந்தது. அதன்பின் கரைகளில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் வைத்தார்கள். மணலில் உட்காரலாம், தடுப்பைத் தாண்டவோ தண்ணீரில் கால் நனைக்கவோ கூடாது. மான், அணில் எதற்கும் தீனி போடவும் கூடாது.

தொட்டில்: விடுதியில் கேட்டால் குழந்தைத் தொட்டில் தருவார்கள். மெத்தை சமமாக, கெட்டியாக இருக்கிறதா, ஓரம் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தலையணை, கனத்த போர்வை வேண்டாம், மல்லாத்திப் போடுங்கள். வெளிச் சத்தத்தை மறைக்க இரைச்சல் கருவி வைப்பவர்கள் அதைத் தொட்டிலுக்கு ஏழடி தள்ளி, குறைந்த சத்தத்தில் வைக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

முகவரி: கேபின் எண்ணையும் வழியையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். அவசரத்துக்கு 911 கூப்பிட்டால் பதற்றத்தில் நம் இடமே நமக்கு மறந்துபோகும். ஜுர மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பெரியவர்களின் மாத்திரை எல்லாம் கையோடு இருக்கட்டும்.

புறப்படுமுன் ஒரு பார்வை

எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னால், பதிவு செய்யுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிப் பதில் நிரப்புங்கள். பூங்கா வாசலிலிருந்து படுக்கை வரை எத்தனை நிமிடம்? பகல் இரண்டு மணிக்கு அறை எப்படி இருக்கும்? ஜன்னலுக்கு வெளிச்சம் வராத திரை உண்டா? பெரியவர்களுக்குப் படி எத்தனை? பால் காய்ச்சவும் சாதம் வைக்கவும் வழி உண்டா? தண்ணீருக்கும் குழந்தைக்கும் நடுவில் என்ன தடுப்பு? மூன்றுக்காவது திருப்தியான பதில் கிடைக்காத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நாலு நாள் போனால் ஒரு நாளைப் பூங்காவே இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் செலவும் மிச்சம், கால்களுக்கும் ஓய்வு. ராட்டினம் நாலு குறைந்தால் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தூக்கம் குறைந்தால் வீடு முழுக்கத் தெரியும்.

அப்புறம், மத்தியானம் குழந்தை தூங்கும்போது பாத்திரத்தைக் கழுவ உட்காராதீர்கள். நீங்களும் பக்கத்தில் கொஞ்சம் கண் அசருங்கள். அந்த விடுமுறை உங்களுக்கும் சேர்த்துத்தான்!